தடுமாறும் இளம் பேட்டர்: பேஸ்பால் அணி எதைப் பார்த்துக் காத்திருக்கிறது?

ஒவ்வோர் ஆண்டும் மே மாதம் வந்தால் அமெரிக்கப் பேஸ்பால் ரசிகர்களிடையே ஒரே வழக்குதான். பெரிய நம்பிக்கையோடு, உச்சப் போட்டியான மேஜர் லீகுக்கு வந்த ஏதோ ஓர் இளைஞர் அடிக்க முடியாமல் திணறிக்கொண்டிருப்பார். திரையில் அவர் பெயருக்குக் கீழே .178 என்று ஓர் எண் தெரியும். "இவனை இன்னும் ஏன் வைத்திருக்கிறார்கள்?" என்று ஒரு கூட்டம் கேட்கும். "கொஞ்சம் பொறுங்கள், பையன் வளர்ந்து வருவான்" என்று இன்னொரு கூட்டம் சொல்லும். அணி நிர்வாகமோ அவரை மறுநாளும் ஆட வைக்கும், அல்லது ஒரு நாள் காலையில் பெட்டியைக் கட்டச் சொல்லிக் கீழ்மட்ட அணிக்கு அனுப்பிவிடும்.

வெளியிலிருந்து பார்த்தால் இதெல்லாம் களத்தில் அணியை நடத்தும் மேனேஜரின் மனநிலையைப் பொறுத்தது போலத் தோன்றும். உண்மையில் அணிகளின் பொறுமைக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. பேஸ்பாலை இப்போதுதான் பார்க்கத் தொடங்கியிருப்பவர்களுக்கு அந்தக் கணக்கைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் அந்த .178. பேட்டிங் ஆவரேஜ் என்பது, ஆடிய வாய்ப்புகளில் எத்தனை முறை ஹிட் அடித்தார் என்ற விகிதம். ஹிட் என்றால் பந்தை அடித்துவிட்டு, அவுட் ஆகாமல் ஓடி ஒரு பேஸையாவது அடைவது. மைதானத்தில் சுற்றி ஓட வேண்டிய நான்கு முனைகள்தான் பேஸ். ஆயிரம் வாய்ப்புக்கு 178 ஹிட் என்று வாசித்துக்கொள்ளலாம். .300 அடிப்பவர் நட்சத்திரம். அதாவது பத்தில் ஏழு முறை தோற்பவரைத்தான் இந்த ஆட்டம் நட்சத்திரம் என்கிறது. 2024இல் மொத்த மேஜர் லீகின் சராசரியே .243தான். பந்து வரும் வேகத்தைப் பார்த்தால் இதில் வியப்பு ஒன்றும் இல்லை. பந்தை எறியும் பிட்சர் நிற்கும் மேட்டிலிருந்து, பேட்டர் நிற்கும் ஹோம் பிளேட் வரை 18.44 மீட்டர். மணிக்கு 150 கிலோமீட்டரைத் தாண்டி வரும் பந்து, அரை நொடிக்கும் குறைவான நேரத்தில் பேட்டரைக் கடந்துவிடும். அது என்ன பந்து, எங்கே விழும், அடிப்பதா விடுவதா என்பதை அதற்குள் முடிவு செய்து, பேட்டையும் சுழற்றியாக வேண்டும்.

கிரிக்கெட்டில் ஃபார்ம் இழந்த பேட்டருக்குத் தொடர்களுக்கு இடையே மூச்சு விட நேரம் கிடைக்கும். பேஸ்பாலில் ஆறு மாதத்தில் 162 ஆட்டங்கள். ஏறக்குறைய தினமும் ஆட்டம், ஆட்டத்துக்கு நான்கு முறை பேட்டிங். ஆகவே, ஸ்லம்ப் என்று சொல்லப்படும் தடுமாற்றக் காலத்தில் ஒருவர் ஒவ்வொரு நாளும், ஒரே நாளில் நான்கு முறையும், பல்லாயிரம் பேர் முன்னிலையில் தோற்க வேண்டியிருக்கும். பள்ளி அணியிலிருந்து மைனர் லீக் என்ற கீழ்மட்டம் வரை எங்குமே தோற்றுப் பழகாத இருபது வயது இளைஞருக்கு இது முதல் அனுபவம்.

எண் சொல்லும் பொய்

ஒரு பேட்டரின் உண்மையான திறமை .260 என்று வைத்துக்கொள்வோம். நல்ல திறமைதான். அவருக்கு 50 வாய்ப்பு கொடுத்தால் 13 ஹிட் வர வேண்டும். ஆனால் வெறும் நிகழ்தகவுக் கணக்கைப் போட்டுப் பார்த்தால், இப்படிப்பட்ட பேட்டர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் அந்த 50 வாய்ப்பில் பத்தோ அதற்கும் குறைவாகவோதான் அடித்திருப்பார். அவருடைய ஆவரேஜ் .200 அல்லது அதற்கும் கீழே தெரியும். திறமை குறையவில்லை, உடம்பில் காயமில்லை, மனசும் தளரவில்லை. அப்படி அமைந்துவிட்டது, அவ்வளவுதான். 100 வாய்ப்பு ஆன பிறகும் .260 திறமைக்காரர் .180இலும் இருக்கலாம், .340இலும் இருக்கலாம்.

மேஜர் லீகில் 30 அணிகள். அணிக்கு ஒன்பது பேட்டர்கள் என்றால் 270 பேர். சீசனின் முதல் இரண்டு வாரத்தில் 50 வாய்ப்புகள் ஆகிவிடும். அப்போது இவர்களில் ஐம்பது பேராவது தற்செயலாக மட்டுமே மோசமாகத் தெரிவார்கள். அந்த ஐம்பது பேரில் அனுபவசாலியும் இருப்பார், இளைஞரும் இருப்பார். அனுபவசாலியின் பெயருக்குப் பின்னால் பல ஆண்டுக் கணக்கு நிற்பதால் யாரும் அவரைச் சந்தேகிப்பதில்லை. இளைஞருக்கு அந்த 50 வாய்ப்பைத் தவிர வேறு கணக்கே இல்லை. அவர்மேல் விழும் சந்தேகம் இதனால்தான் இவ்வளவு கனமாக இருக்கிறது. இது நியாயமில்லை என்றே எனக்குப் படுகிறது.

அதிர்ஷ்டம் எங்கிருந்து நுழைகிறது? எல்லைக்கு வெளியே பறந்து ஹோம் ரன்னாகாமல் மைதானத்துக்குள் அடிக்கப்படும் பந்துகளில் நூற்றுக்கு முப்பது அளவில்தான் ஹிட் ஆகின்றன. மிச்சமெல்லாம் ஃபீல்டரின் கையுறைக்குள். துப்பாக்கிக் குண்டு போல அடித்த பந்து நேராக ஷார்ட்ஸ்டாப் என்ற ஃபீல்டரின் கைக்குப் போகும். பேட்டின் நுனியில் பட்ட பந்து இரண்டு பேருக்கு நடுவே சோம்பலாக விழுந்து ஹிட் ஆகும். ஆவரேஜ் இந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பதில்லை. 

அதனால் அணிகள் ஆவரேஜுக்குக் கீழே தோண்டிப் பார்க்கின்றன. 2015 முதல் எல்லா மேஜர் லீக் மைதானங்களிலும் ஸ்டாட்காஸ்ட் என்ற கண்காணிப்பு ஏற்பாடு ஒவ்வொரு பந்தையும் அளக்கிறது. பேட்டில் பட்ட பந்து என்ன வேகத்தில் கிளம்பியது? மணிக்கு 95 மைல், அதாவது சுமார் 153 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் அதைப் பலமான அடி என்று குறிப்பார்கள். அடுத்தது, ஸ்ட்ரைக் எல்லைக்கு வெளியே போகும் பந்துகளை எத்தனை தடவை துரத்தினார்? முழங்காலுக்கும் மார்புக்கும் இடையில், ஹோம் பிளேட்டின் அகலத்தில் ஒரு கற்பனைச் சட்டம் உண்டு. அதற்குள் வருவதுதான் அடிக்க வேண்டிய பந்து. வெளியே போவதை விட்டுவிட்டால் 'பால்' என்று கணக்காகும். நான்கு பால் சேர்ந்தால் பேட்டர் முதல் பேஸுக்கு நடந்தே போகலாம், அதற்கு 'வாக்' என்று பெயர். சட்டத்துக்குள் வருவதை விட்டாலும், வீசிய பேட்டில் பந்து படாவிட்டாலும் 'ஸ்ட்ரைக்'. மூன்று ஸ்ட்ரைக் ஆகிவிட்டால் அவுட், அதுதான் 'ஸ்ட்ரைக் அவுட்'.

இதில் ஸ்ட்ரைக் அவுட்டும் வாக்கும் ஆவரேஜைவிட சீக்கிரம் உண்மை பேசும். காரணம், அவற்றில் ஃபீல்டருக்கு வேலையில்லை. பிட்சரும் பேட்டரும் மட்டும்தான். ஒருவர் பந்தைப் பார்க்கிறாரா இல்லையா என்பது சில வாரங்களிலேயே தெரிந்துவிடும். அவருடைய ஆவரேஜ் நிலைபெற ஒரு முழு சீசனும்கூடப் போதாது.

இரண்டு பேரைப் பார்த்தால் வித்தியாசம் புரியும்.

2007இல் பாஸ்டன் ரெட் சாக்ஸின் இரண்டாம் பேஸ் ஆட்டக்காரர் டஸ்டின் பெட்ரோயா. குள்ளமானவர், முழு பலத்தோடு பேட்டைச் சுழற்றுபவர். முந்தைய ஆண்டு கொஞ்ச நாள் ஆடி .191 அடித்திருந்தார். புதிய சீசனின் ஏப்ரல் முடிவில் .182. அதே இடத்தில் ஆடக்கூடிய அலெக்ஸ் கோரா அந்த மாதம் நன்றாக அடித்துக்கொண்டிருந்தார். கோராவை ஆட வையுங்கள் என்று பாஸ்டன் முழுக்கப் பேச்சு. மேனேஜர் டெரி ஃபிராங்கோனா அசையவில்லை. பெட்ரோயா அந்த ஆண்டை .317இல் முடித்தார், சிறந்த புதுமுக வீரர் விருது வாங்கினார், அணி மேஜர் லீகின் இறுதிப் பட்டமான உலகத் தொடரை வென்றது. அடுத்த ஆண்டு, மேஜர் லீகின் இரு பாதிகளில் ஒன்றான அமெரிக்கன் லீகின் மிக மதிப்புமிக்க வீரர் விருதும் அவருக்குத்தான். 2007 முழுக்க அவர் ஸ்ட்ரைக் அவுட் ஆனது 42 முறை மட்டுமே, வாக் 47. பந்தை நன்றாகவே பார்த்துக்கொண்டிருந்தவர் அவர். ஏப்ரலில் வராதது ஹிட் மட்டுமே.

2024இல் பால்டிமோர் ஓரியோல்ஸின் ஜாக்சன் ஹாலிடே கதை வேறு. அணிகள் புதிய வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் 2022 டிராஃப்டில் நாட்டிலேயே முதல் ஆளாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர், தந்தை மாட் ஹாலிடேயும் மேஜர் லீக் நட்சத்திரம். 20 வயதில், ஏப்ரல் 10ஆம் தேதி முதல் ஆட்டம். பத்து ஆட்டத்தில் 34 வாய்ப்பு, 2 ஹிட், 18 ஸ்ட்ரைக் அவுட். ஆவரேஜ் .059. இரண்டே வாரத்தில் நார்ஃபோக்கில் இருக்கும் டிரிபிள் ஏ அணிக்குத் திருப்பி அனுப்பினார்கள். மைனர் லீகின் மேல்படி அது.

இதைப் பொறுமையின்மை என்று அப்போது பலர் சொன்னார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 34 வாய்ப்பு என்பது ஆவரேஜுக்கு ஒன்றுமே இல்லை, உண்மை. ஆனால் பாதிக்கு மேல் ஸ்ட்ரைக் அவுட் என்பது வேறு செய்தி. பேட் பந்தைத் தொடவே இல்லை. அதிர்ஷ்டம் வந்து உதவ வேண்டுமென்றாலும் பந்து முதலில் பேட்டில் பட வேண்டுமே! ஹாலிடே ஜூலை 31இல் திரும்பி வந்த அன்றே மூன்று பேஸிலும் ஆள் இருக்க ஹோம் ரன் அடித்தார். அப்படியும் அந்த ஆண்டை .189இல்தான் முடிக்க முடிந்தது. அடுத்த ஆண்டு அணியில் நிரந்தர இடம் பிடித்து 17 ஹோம் ரன் அடித்தார்.

திறமை இருந்தும் ஏன் திணறுகிறார்கள்?

டிரிபிள் ஏ அணியில் வெளுத்துக் கட்டியவர் மேலே வந்ததும் ஏன் உறைந்துபோகிறார்? வேகம் ஒரு காரணம், ஆனால் பெரிய காரணம் அதுவல்ல. வேகமாக எறிபவர்கள் கீழேயும் இருக்கிறார்கள். மேஜர் லீக் பிட்சர், தான் குறிவைத்த இடத்தில் மூன்று நான்கு விதமான பந்துகளை எறியக்கூடியவர். அதோடு எதிரணி ஒவ்வொரு புதிய பேட்டரையும் படிக்கிறது. முதல் சில வாரங்களில் அவர் எந்தப் பந்தை அடிக்கிறார், எதை அடிக்க முடியாமல் தவிக்கிறார் என்பது பதிவாகிவிடும். மார்புயர வேகப்பந்தை அடிக்க முடியவில்லை என்று ஓர் அணி கண்டுபிடித்தால் ஒரு வாரத்தில் 29 அணிகளுக்கும் தெரிந்துவிடும். அப்புறம் அவருக்கு வேறு பந்தே வராது. ஓட்டை அடைபடும் வரை அங்கேயே எறிந்துகொண்டிருப்பார்கள்.

பேட்டர் அந்த ஓட்டையை அடைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பிட்சர்கள் அடுத்ததைத் தேடுவார்கள். வாழ்நாள் முழுக்க ஓடும் ஆட்டம் இது. இளம் பேட்டரின் முதல் தடுமாற்றம் என்பது பெரும்பாலும் இந்தச் சங்கிலியின் முதல் கண்ணிதான். அணி தெரிந்துகொள்ள விரும்புவது ஒன்றே: பிட்சர்கள் மாறினால் இவரும் மாறுவாரா? அதற்கு விடை கிடைக்க வேண்டுமென்றால் மாறுவதற்கான நேரத்தைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

நியூயார்க் யாங்கீஸின் ஆரன் ஜட்ஜ் 2016 ஆகஸ்டில் தன் முதல் வாய்ப்பிலேயே ஹோம் ரன் அடித்தவர். அந்த ஆண்டின் மிச்ச நாட்களில் படாதபாடு பட்டார். 84 வாய்ப்பில் 42 ஸ்ட்ரைக் அவுட், ஆவரேஜ் .179. சரிபாதி, ஏறக்குறைய ஹாலிடேயைப் போலவே. அடுத்த ஆண்டு 52 ஹோம் ரன் அடித்துப் புதுமுக வீரர்களுக்கான அன்றைய சாதனையை முறியடித்தார். ஆனால் 2017இலும் அவர் 208 முறை ஸ்ட்ரைக் அவுட் ஆனார், லீகிலேயே அதிகம் அவர்தான். பலவீனம் முழுசாகப் போகவில்லை. வாங்கும் அடிக்கு மேல் திருப்பிக் கொடுக்கும் அளவுக்கு மற்றதெல்லாம் வளர்ந்துவிட்டது. தடுமாறுபவர் தேறுவது என்றால் குறையே இல்லாமல் ஆவது என்று நினைப்பவர்கள் ஜட்ஜின் இந்த ஆண்டை ஒரு தடவை பார்க்க வேண்டும்.

1951, நியூயார்க்

இந்த விஷயத்தை யார் பேசினாலும் கடைசியில் வில்லி மேஸிடம் வந்து நிற்பார்கள். நானும் அப்படியே. ஒரே ஊரில், ஒரே ஆண்டில் இரண்டு அணிகள் இரண்டு இளைஞர்களை வேறு வேறு விதமாக நடத்தி இரண்டுமே சரியாக அமைந்த கதை என்பதால் இது எனக்கு மிகவும் பிடித்தது.

1951 மே மாதம். மேஸுக்கு வயது 20. மினியாபொலிஸ் மைனர் லீக் அணியில் 35 ஆட்டத்தில் .477 அடித்துக்கொண்டிருந்தார். நியூயார்க் ஜயண்ட்ஸ் மேனேஜர் லியோ டுரோச்சர் அவரை மேலே அழைத்தபோது மேஸ் தயங்கினார், மேஜர் லீக் பிட்சிங்கைத் தன்னால் அடிக்க முடியாது என்று தொலைபேசியில் சொன்னார் என்பார்கள். இப்போது எவ்வளவு அடிக்கிறாய் என்று டுரோச்சர் கேட்க, .477 என்று பதில். அதில் பாதியாவது எனக்காக அடிக்க மாட்டாயா என்றாராம் டுரோச்சர். மினியாபொலிஸ் ரசிகர்களிடமிருந்து அவரைப் பறித்துக்கொண்டதற்காக ஜயண்ட்ஸ் முதலாளி ஹொரேஸ் ஸ்டோன்ஹாம் அந்த ஊர்ப் பத்திரிகையில் மன்னிப்புக் கேட்டு விளம்பரம் கொடுத்தார்.

வந்தவர் முதல் 12 வாய்ப்பில் ஒரு ஹிட்கூட அடிக்கவில்லை. 13ஆவதில் வாரன் ஸ்பான் என்ற பெரிய பிட்சரின் பந்தில் ஹோம் ரன். பிறகு மறுபடியும் வறட்சி. 26 வாய்ப்பில் அந்த ஒரே ஹிட்தான். லாக்கர் முன்னால் உட்கார்ந்து அழுதார். தன்னைக் கீழே அனுப்பிவிடுங்கள் என்றார். மேஜர் லீகில் கறுப்பின வீரர்களுக்கு இருந்த நிறத்தடையை ஜாக்கி ராபின்சன் உடைத்து அப்போது நான்கே ஆண்டுகள்தான் ஆகியிருந்தன என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். அலபாமாவிலிருந்து வந்த கறுப்பின இளைஞருக்கு அந்த உடைமாற்றும் அறையில் ஆட்டத்தின் பாரம் மட்டும் இருக்கவில்லை.

டுரோச்சர் பொறுமைக்குப் பேர் போனவர் அல்லர். வாய் ஓயாமல் எல்லோரையும் திட்டுபவர் என்பதால் 'லியோ த லிப்' என்றே அவருக்குப் பட்டப்பெயர். அப்படிப்பட்டவர் மேஸின் பக்கத்தில் உட்கார்ந்து, நான் இந்த அணியின் மேனேஜராக இருக்கும்வரை நீதான் என் சென்டர் ஃபீல்டர், அதாவது வெளிமைதானத்தின் நடுவில் நிற்பவன், என்று சொன்னார். நாளை அடித்தால்தான் என்ற நிபந்தனை கிடையாது. மேஸ் அவரைக் கடைசிவரை 'மிஸ்டர் லியோ' என்றே அழைத்தார்.

அந்தச் சொல்லில் பாசம் இருந்தது, கணக்கும் இருந்தது. மேஸ் ஹிட் அடிக்காத நாட்களிலும் சென்டர் ஃபீல்டில் மற்றவர்களால் எட்ட முடியாத பந்துகளைப் பிடித்துக்கொண்டிருந்தார். பேட் தூங்கினாலும் கையுறை தினமும் அணிக்குச் சம்பாதித்துக் கொடுத்தது. இன்றும் இதுதான் நடைமுறை. நல்ல ஷார்ட்ஸ்டாப்புக்கும் சென்டர் ஃபீல்டருக்கும் கேட்சருக்கும் கிடைக்கும் கால அவகாசம், அடிப்பதற்காக மட்டுமே அணியில் இருக்கும் முதல் பேஸ் ஆட்டக்காரருக்குக் கிடைக்காது. மேஸ் அந்த ஆண்டை .274, 20 ஹோம் ரன் என்று முடித்து, சிறந்த புதுமுக வீரரானார். புரூக்ளின் டாட்ஜர்ஸை விரட்டிப் பிடித்த ஜயண்ட்ஸ் லீக் பட்டத்தை வென்றது. பட்டத்தைத் தந்த பாபி தாம்சனின் ஹோம் ரன் பறந்தபோது, அடுத்து ஆட வேண்டியவராக ஓரத்தில் காத்து நின்றவர் மேஸ். மொத்தம் 660 ஹோம் ரன்களோடு தன் ஆட்ட வாழ்க்கையை முடித்தார்.

அதே ஆண்டு, ஆற்றுக்கு அந்தப் பக்கம் பிராங்க்ஸில், யாங்கீஸ் அணியில் மிக்கி மேன்டில். வயது 19. ஸ்ட்ரைக் அவுட் மேல் ஸ்ட்ரைக் அவுட். ஜூலையில் யாங்கீஸ் அவரை கன்சாஸ் சிட்டியிலிருந்த மைனர் லீக் அணிக்கு அனுப்பியது. அங்கேயும் முதலில் வரவில்லை. மேன்டில் பின்னாளில் பலமுறை சொன்ன கதை இது: ஆட்டத்தையே விட்டுவிடுகிறேன் என்று சுரங்கத் தொழிலாளியான தந்தையிடம் சொன்னார். தந்தை ஆறுதல் சொல்லவில்லை. அறைக்கு வந்து, சரி, கிளம்பு, என்னோடு சுரங்கத்துக்கு வா என்று மகனின் துணிகளைப் பெட்டியில் அடுக்க ஆரம்பித்துவிட்டார். மேன்டில் தங்கினார். கன்சாஸ் சிட்டியில் 40 ஆட்டத்தில் .361 அடித்து, ஆகஸ்டில் திரும்பி வந்தார்.

ஒருவரை வைத்துக்கொண்டார்கள், இன்னொருவரைக் கீழே அனுப்பினார்கள். இரண்டுக்கும் பொறுமை என்றுதான் பெயர். கீழே அனுப்புவது என்றாலே கைவிடுவது என்ற எண்ணம் நம்மில் பலருக்கு இருக்கிறது. மேன்டிலை யாங்கீஸ் ஒரு நாளும் கைவிடவில்லை. ஐம்பதாயிரம் பேர் கூச்சலிடாத ஓர் இடத்தில் அவர் பந்தைப் பார்த்துப் பழகட்டும் என்று நினைத்தார்கள்.

விதிகளும் பணமும்

இதற்கென்று விதியும் உண்டு, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அணியின் 40 பேர் பட்டியலில் இருக்கும் இளம் வீரரைப் பொதுவாக மூன்று சீசன்களில் மட்டுமே தடையின்றி மைனர் லீகுக்கு அனுப்பித் திரும்ப அழைக்கலாம். இதை 'ஆப்ஷன்' என்பார்கள். 2022 முதல் ஒரே சீசனில் ஐந்து முறைக்கு மேல் அனுப்பவும் முடியாது. மூன்று ஆப்ஷனும் தீர்ந்த பிறகு அனுப்ப வேண்டுமென்றால், மற்ற அணிகள் அவரை எடுத்துக்கொள்ள முதலில் வாய்ப்புத் தர வேண்டும். மூன்றாவது ஆண்டு தாண்டிய இளைஞரிடம் அணி திடீரென்று கறாராக நடந்துகொள்வதற்கும், இன்னோர் அணி அவரை வலைபோட்டுத் தேடுவதற்கும் இதுதான் காரணம்.

அதோடு, மேஜர் லீகில் 172 நாள் இருந்தால் ஓராண்டு சேவை. ஆறு ஆண்டு சேவை முடிந்தால் வீரர் விரும்பிய அணிக்குப் போகலாம். ஆகவே இளைஞர் மேலே தடுமாறும் ஒவ்வொரு நாளும், அணியிடம் அவர் மலிவாக இருக்கும் காலத்திலிருந்து கழிகிறது. அவரை எப்போது அழைப்பது, எப்போது அனுப்புவது என்ற முடிவில் ஆட்டம் சம்பந்தப்படாத இந்தக் கணக்கும் கலந்திருக்கிறது. வீரரின் நன்மைக்காகவே எல்லாம் என்று அணிகள் சொல்லும்போது இதையும் சேர்த்து யோசிப்பது நல்லது.

ஒரு முழு ஆண்டு

இரண்டு வாரம், இரண்டு மாதம் பொறுப்பது ஒன்று. ஒரு முழு ஆண்டு பொறுப்பது வேறு. 1973இல் ஃபிலடெல்ஃபியா ஃபில்லீஸ் மைக் ஷ்மிட் என்பவருக்கு மூன்றாம் பேஸை ஒப்படைத்தது. அவருக்கு இடம் வேண்டும் என்று அதுவரை அங்கே ஆடிய டான் மனியை முந்தைய அக்டோபரிலேயே மில்வாக்கிக்கு மாற்றிவிட்டிருந்தார்கள். ஷ்மிட் 132 ஆட்டம் ஆடி .196 அடித்தார். 136 ஸ்ட்ரைக் அவுட். சொந்த ஊர் ரசிகர்களே ஊளையிட்டார்கள்.

ஆவரேஜை மூடிவைத்துவிட்டு அந்த ஆண்டை மறுபடி பாருங்கள். 18 ஹோம் ரன், 62 வாக். தொட்டால் பந்து பறக்கிறது. விட வேண்டிய பந்தை விடவும் தெரிகிறது. தொடுவதுதான் குறைவு. அந்தக் குளிர்காலத்தில் ஷ்மிட் போர்ட்டோ ரீக்கோ லீகில் போய் ஆடினார். 1974இல் .282, 36 ஹோம் ரன், நேஷனல் லீகில் முதலிடம். பிறகு மூன்று முறை மிக மதிப்புமிக்க வீரர், மொத்தம் 548 ஹோம் ரன். மூன்றாம் பேஸ் ஆடியவர்களிலேயே தலைசிறந்தவர் அவர்தான் என்று சொல்பவர்கள் ஏராளம்.

ஆனால் 1973இல் ஃபில்லீஸ் தன் பிரிவில் கடைசி இடத்தில் இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 71 வெற்றி, 91 தோல்வி. இழக்க ஒன்றுமில்லாத அணிக்குப் பொறுமை எளிது. பட்டத்துக்குப் போராடும் அணியில் .196 அடிப்பவரை வைத்துக்கொண்டால் ஒவ்வொரு தோல்வியும் கண்ணில் குத்தும். மேஜர் லீகில் ஆடும் 26 பேர் அணியில் அவர் இருக்கும் இடம், கீழே காத்திருக்கும் இன்னொருவருக்குக் கிடைக்காத இடமும்கூட. பாஸ்டன் 2007இல் பட்டத்துக்கு ஆடிக்கொண்டே பெட்ரோயாவைப் பொறுத்தது என்பதால்தான் ஃபிராங்கோனாவின் முடிவை நான் பெரிதாக மதிக்கிறேன்.

பலிக்காத பொறுமை

இதுவரை சொன்னதெல்லாம் வென்றவர்களின் கதை. பொறுமை என்றால் இந்தப் பெயர்களைத்தான் எல்லோரும் எடுப்பார்கள். ஆகவே பொறுத்தால் போதும், எல்லோரும் ஷ்மிட் ஆகிவிடுவார்கள் என்ற எண்ணம் வந்துவிடுகிறது. அது சரியில்லை.

சியாட்டில் மரினர்ஸின் ஜாரெட் கெலனிக் பேஸ்பாலின் மிகப் பெரிய நம்பிக்கைகளில் ஒருவராக 2021 மே மாதம் வந்தார். தொடர்ந்து 39 வாய்ப்பில் ஹிட் இல்லாமல் போய், .096இல் இருந்தபோது கீழே அனுப்பப்பட்டார். திரும்பி வந்தும் அந்த ஆண்டு .181. மறு ஆண்டு .141. 2023இல் ஓரளவு தேறினார். அந்த ஆண்டு முடிவில் சியாட்டில் அவரை அட்லான்டாவுக்கு மாற்றிவிட்டது. அணி அவருக்கு நேரம் கொடுக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. அவர் உழைக்கவில்லை என்றும் சொல்ல முடியாது.

டெட்ராய்ட் டைகர்ஸின் ஸ்பென்சர் டார்க்கெல்சன் இரண்டுக்கும் நடுவில் நிற்பவர். 2020 டிராஃப்டில் முதல் ஆள். 2022இல் .203, நடுவில் டிரிபிள் ஏ அணிக்குப் பயணம். 2023இல் 31 ஹோம் ரன், சரி, தேறிவிட்டார் என்று எல்லோரும் மூச்சு விட்டார்கள். 2024இல் மறுபடியும் விழுந்தார், மறுபடியும் கீழே அனுப்பப்பட்டார். 2025இல் மறுபடியும் 31 ஹோம் ரன். இப்படி ஏறி இறங்கும் ஒருவரைப் பற்றி ஏதாவது ஒரு மே மாதத்தில் தீர்ப்பு எழுதியிருந்தால், எந்த மாதத்தில் எழுதினோம் என்பதைப் பொறுத்துத் தீர்ப்பே மாறியிருக்கும்.

வெறுமனே காத்திருப்பதும் பயன் தராது. பயிற்சியாளரோடு உட்கார்ந்து, காலை எப்போது தூக்குகிறார், கையை எங்கே வைத்திருக்கிறார், எந்தப் பந்தை எதிர்பார்த்து நிற்கிறார் என்று ஒன்றொன்றாகச் சரிபார்க்க வேண்டும். ஒரு வாரத்தில் மூன்று பேர் மூன்று யோசனை சொன்னால் இருப்பதும் கெடும். பேட்டுக்குப் பந்து வர அரை நொடிகூட இல்லாதபோது, கையைப் பற்றி யோசித்துக்கொண்டிருப்பவரால் பந்தை யோசிக்க முடியாது. அதனால் நல்ல அணிகள் ஒரு நேரத்தில் ஒரே மாற்றத்தைச் சொல்லி, அது பழகும்வரை உன் இடத்துக்கு ஆபத்தில்லை என்பதையும் சேர்த்துச் சொல்கின்றன. நாளை ஆடுவோமா என்று தெரியாத ஓர் இளைஞர் புதிய முறையை முயன்று பார்க்க மாட்டார். எப்படியாவது ஒரு ஹிட் கிடைத்தால் போதும் என்று கண்ட பந்தையெல்லாம் துரத்துவார்.

அடுத்த சீசனில் இப்படி ஒருவரைப் பார்க்க நேர்ந்தால், திரையிலிருக்கும் ஆவரேஜை ஓரமாக வைத்துவிட்டு இரண்டு ஸ்ட்ரைக் ஆன பிறகு அவர் என்ன செய்கிறார் என்று மட்டும் கவனியுங்கள். ஸ்ட்ரைக் போலக் கிளம்பி, கடைசி நேரத்தில் கீழே வெளியே நழுவிப்போகும் ஸ்லைடர் ஒன்றைப் பிட்சர் எறிவார். இளம் பேட்டர்களைப் பிடிக்கும் தூண்டில் அது. ஏப்ரலில் அதற்குப் பேட்டை வீசியவர், ஜூனில் கையை அடக்கி விட்டுவிடுகிறாரா? முன்பு நான்கு பந்தில் முடிந்த வாய்ப்பு இப்போது ஏழு எட்டுப் பந்து வரை நீள்கிறதா? அவுட் ஆனாலும் பந்து பலமாகப் பட்டுப் போகிறதா? மேனேஜரும் பயிற்சியாளரும் அணியினர் அமரும் டக்கவுட்டில் நின்று பார்த்துக்கொண்டிருப்பது இதைத்தான். இதில் மாற்றம் தெரியும்வரை அவர் பெயர் மறுநாள் பட்டியலிலும் இருக்கும், திரையில் .190 என்று இருந்தாலும்.